குடி முழுகிப் போய்விடாது

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். பேத்தி பிறந்தபோது மூன்று மாதம் அங்கே போய் இருந்தேன். அவர்கள் தெருக்கோடியில் ஒரு முதியோர் இல்லம். ஞாயிறு மதியம் கேக், காபியோடு பாட்டு நிகழ்ச்சி வைப்பார்கள், அக்கம்பக்கத்தாரும் போகலாம். ஒரு பாட்டு தொடங்கியதுமே பாட்டிகள் எல்லாம் பக்கத்து நாற்காலிக்காரரோடு கைகோத்து இடமும் வலமும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் ஒரு பாட்டி கையை நீட்டினார், நானும் ஆடினேன். வீட்டுக்கு வந்து அந்த மெட்டை முனகியதும் மகன் முகம் மாறிவிட்டது. “அம்மா, அது ஹிட்லர் காலத்துப் பிரசாரப் படத்துப் பாட்டு” என்றான். மருமகள் தேடிப் பார்த்துவிட்டு, “எழுதினவரே கெஸ்டபோகிட்ட மாட்டினவராம் அத்தை” என்கிறாள். யார் சொல்வது சரி? அந்தப் பாட்டாசிரியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். அங்கேயும் மெட்டுப் போட்ட பிறகுதான் பாட்டு எழுதுவார்களா? அதைத் தமிழில் ஆக்கி எங்கள் மகளிர் மன்றத்தில் பாட வேண்டும் என்று ஆசை. பாடலாமா? மகன் எழுதிக் கொடுத்த முதல் வரியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் இந்தப் பதில் நீளமாகப் போகிறது.

நீங்கள் ஆடிய பாட்டு ‘டாவோன் கேட் டி வெல்ட் நிஷ்ட் உன்டர்’. படம் ‘டி குரோஸ லீப’, அதாவது ‘பெருங்காதல்’. 1942 ஜூன் மாதம் பெர்லினில் வெளியானது. விமானப்படை அதிகாரி ஒருவனும் மேடைப் பாடகி ஒருத்தியும் காதலிக்கிறார்கள். கல்யாணம் என்று உட்காரும்போதெல்லாம் அவனுக்குப் போர்முனையிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. அவள் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறாள். கதை அவ்வளவுதான். போர் முடிவதற்குள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். நாஜி ஆட்சியில் மிகப் பெரிய வெற்றி கண்ட படங்களில் இதுவும் ஒன்று. காத்திருக்கும் மனைவிமார்களால் நாடு நிறைந்திருந்த நேரத்தில் ‘காத்திரு, அதுதான் அழகு’ என்று சொல்லிக்கொடுத்த படம். உங்கள் மகன் அதைப் பிரசாரம் என்பதில் தப்பே இல்லை.

பாடகியாக நடித்துப் பாடியவர் ஸாரா லியாண்டர், சுவீடன்காரர். இசை மிஹாயேல் யாரி. வரிகள் புரூனோ பால்ட்ஸ்.

பால்ட்ஸ் 1902-ல் பெர்லினில் பிறந்தவர். ஆண்களை நேசித்த ஆண். இருபதுகளின் பெர்லினில் அப்படிப்பட்டவர்களுக்கென்று விடுதிகளும் பத்திரிகைகளும் சங்கங்களும் இருந்தன. சட்டப்படி குற்றம், நடைமுறையில் பாதி கண்மூடல். இருபத்திரண்டு வயதில், 1924-ல், ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் நட்புக் கேட்கும் பாட்டு ஒன்றை அவர் எழுதினார். ஒளிவுமறைவு இல்லாமல் அவர் எழுதியதில் அது முக்கியமானது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதிவிட்டார். அந்த வெளிப்படைக்கு மட்டும் திரும்ப வாய்ப்பு வரவில்லை.

1929–30-ல் படம் பேச ஆரம்பித்தது. பேசியதோடு பாடவும் செய்தது. உஃபா போன்ற பெரிய கம்பெனிகள் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு என்று படத்துக்கு முன்பே பாட்டை விற்கக் கற்றுக்கொண்டன. அந்தத் தொழிலின் ஆரம்பகால மன்னர்களில் ஒருவர் ராபர்ட் கில்பர்ட். 1930-ல் பெட்ரோல் பங்க் நடத்தும் மூன்று நண்பர்களைப் பற்றி ஒரு படம் வந்தது; அதில் நட்பைப் பற்றி அவர் எழுதிய பாட்டை ஜெர்மானியர்கள் இன்றும் பாடுகிறார்கள். இசை வெர்னர் ரிச்சர்ட் ஹேமன். இருவருமே யூதர்கள். 1933 மார்ச் 29 அன்று உஃபாவின் இயக்குநர் குழு கூடி, யூத ஊழியர்களோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டது. அப்படிச் செய்யச் சொல்லி அதுவரை எந்தச் சட்டமும் வரவில்லை. சட்டத்தின் வாய் அசைவதற்கு முன்பே கம்பெனி தலையாட்டியது.

கில்பர்ட் வியன்னா, பாரிஸ், நியூயார்க் என்று ஓடினார். போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பி, ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகத்தை ஜெர்மன் மேடைக்குக் கொண்டுவந்தார், 1961-ல் பெர்லினில் அரங்கேற்றம். ஆங்கில மூலத்தில் ஸ்பெயின் மழையை வைத்து ‘ஏ’ ஓசை பழகும் இடம் வருமே, அங்கே கில்பர்ட் மழையையே தூக்கிவிட்டு ஸ்பெயினில் பச்சை பூத்துக் குலுங்குவதாக மாற்றினார். காரணம், பெர்லின் சேரிப் பேச்சில் நசுங்கிப்போகிற ஓசை வேறு. அதைச் சரிசெய்யத்தான் கதாநாயகிக்குப் பயிற்சி வேண்டும். மொழிபெயர்ப்பில் இறங்க நினைக்கும் உங்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். பின்னால் உதவும்.

எல்லோராலும் ஓட முடியவில்லை. இசையமைப்பாளர் லேஹாரின் ஆப்பரெட்டாக்களுக்கு எழுதிப் புகழ்பெற்ற ஃபிரிட்ஸ் லோனர்-பேடாவை, ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிய மறுநாளே பிடித்தார்கள். புக்கன்வால்ட் முகாமில் கைதிகள் அணிவகுப்பில் பாடவேண்டிய முகாம்பாட்டை எழுதியவர் அவர்தான். 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ‘பெருங்காதல்’ அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்த அதே வருஷம்.

பால்ட்ஸ் யூதர் அல்ல. ஆள் காலியான நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், வாய்ப்புகள் குவிந்தன. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அடுத்து வரும் சிறைக்கதைக்குத் தாவும் அவசரத்தில் இதைச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படுவதில்லை.

ஓரினச் சேர்க்கையைத் தண்டிக்கும் 175-ஆம் பிரிவை 1935-ல் நாஜிகள் இறுக்கினார்கள். அதன் பிறகு ஒரு பார்வை, ஒரு கடிதம் போதும், கேஸ் போடலாம். அந்த ஆட்சியில் சுமார் 50,000 ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1936-ல் பால்ட்ஸும் மாட்டி, சில மாதங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் ஒரு பெண்ணை மணந்துகொண்டார். அது எப்படிப்பட்ட கல்யாணம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், சிறையிலிருந்து வந்த பிறகுதான் அவருடைய சிறந்த காலமே தொடங்குகிறது. உஃபா அப்போது லியாண்டரை ஒப்பந்தம் செய்திருந்தது. சம்பளத்தில் பாதிக்கும் மேல் சுவீடன் பணத்தில், ஸ்டாக்ஹோமில் கொடுக்கவேண்டும் என்று பேசி வாங்கியவர் அவர். அவர் குரலை நீங்கள் கேட்டதில்லை என்றால் ஒரு முறை கேளுங்கள். திரையைப் பார்க்காமல் கேட்டால் ஆண் பாடுகிறாரோ என்று தோன்றும், அவ்வளவு கீழ்ஸ்தாயி. 1937-ல் ‘லா ஹபனேரா’ படத்தில் காற்று தனக்கொரு பாட்டைச் சொன்னது என்று பாடுவார். 1938-ல் ‘நீலநரி’ படத்தில் ‘கான் டென் லீப ஸுண்ட ஸைன்’. ‘காதலும் பாவமாகுமா’ என்ற கேள்விதான் பாட்டின் தலைப்பு. இரண்டுக்கும் வரி பால்ட்ஸ், இசை லோதார் ப்ரூன.

காதலித்த குற்றத்துக்காகச் சிறையிலிருந்து வந்து இரண்டே வருஷம் ஆன மனிதர், தணிக்கை மூக்கின் கீழ் இப்படியொரு கேள்வியைப் பாட்டாக்கினார் என்றால், இது ரகசியக் கடிதம் என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். படத்தில் அது கணவனிடம் சலித்துப்போன ஒரு பணக்காரப் பெண்ணின் கொஞ்சல் பாட்டு. அந்த இடத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தாமல் இருந்திருந்தால் உஃபா வாங்கியிருக்காது.

ஆனால் ஒன்று நிச்சயம். ஓர் ஆண் ‘அவனை’ப் பற்றி ஆசையாக எழுதினால் கைவிலங்கு மாட்டும் நாட்டில், பெண் பாடுவதற்காக எழுதினால் ‘அவன்’ என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வாசலைப் பால்ட்ஸ் தாராளமாகப் பயன்படுத்தினார். நாயகி பாவத்தில் ஆழ்வார்கள் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஆண் பெண்ணாக நின்று உருகுவது புதிதல்ல. பெர்லினில் அதன் பின்னால் ஒரு சிறைக்கதவு நின்றது, அதுதான் வித்தியாசம். லியாண்டருக்கு அவர் எழுதிய இன்னொரு பாட்டில் ‘வால்டமார்’ என்று ஒரு காதலன் வருகிறான். வீரன் அல்ல, நட்சத்திரம் அல்ல, தலைமுடி வேறு கறுப்பு. இருந்தாலும் அவள் அவனைத்தான் விரும்புகிறாள். பொன்முடி வீரர்களைச் சுவரொட்டி சுவரொட்டியாக ஒட்டிக்கொண்டிருந்த ஊரில் இதைக் கேட்டு யார் யார் வாய்க்குள் சிரித்திருப்பார்களோ.

இனி உங்கள் மெட்டுக் கேள்வி. மெட்டுக்கு வார்த்தை, வார்த்தைக்கு மெட்டு, இரண்டும் அங்கே உண்டு. ஆனால் ‘ஷ்லாகர்’ என்று அவர்கள் சொல்லும் அந்த வகைப் பாட்டில் உயிர்நாடி ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வரும் பல்லவி. அது தியேட்டரை விட்டு வெளியே வரும்போது வாயில் ஒட்டியிருக்க வேண்டும். பால்ட்ஸின் கைவரிசை இங்கேதான். அவர் கவித்துவமான வரியைத் தேடிப் போகவில்லை. தெருவில் ஏற்கெனவே கிடக்கும் பேச்சை எடுத்தார்.

உங்கள் பாட்டுப் பல்லவியின் முதல் வரி அதற்கு நல்ல சாட்சி. பால் பொங்கி வழிந்தால், ரயில் தவறினால், கல்யாணம் நின்றால் ஜெர்மானியர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. ‘இதனால் உலகம் முழுகிப் போகாது’ என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம். முழுகுவது என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘அதனால குடியொண்ணும் முழுகிப் போயிடாது’ என்பார்களே, அதே முழுகல். அங்கே உலகம், இங்கே குடி.

‘டாவோன்’ என்றால் ‘இதனால்’. எதனால்? பல்லவி சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதில்தான் சூட்சுமம். மூன்று வருஷம் முன்னால், 1939 கோடையில், அவரும் யாரியும் சேர்ந்து ஒரு நகைச்சுவைப் படத்துக்கு எழுதிய பாட்டில், ‘இதெல்லாம் ஒரு மாலுமியை அசைக்குமா’ என்று மூன்று பேர் கும்மாளமாகப் பாடுவார்கள். ஹைன்ஸ் ரூமன் அவர்களில் ஒருவர். அங்கேயும் பல்லவியில் ‘இது’ எது என்று கிடையாது. படம் வந்த ஒரு மாதத்தில் போர் தொடங்கியது. வானொலியில் படைவீரர்களுக்கான நேயர் விருப்பக் கச்சேரியில் அதே பாட்டு வரி மாறி, பிரிட்டிஷ் கடற்படை அமைச்சரைக் கிண்டல் செய்யும் பாட்டாக வந்து நின்றது. காலி இடம் விட்டால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காருவார்கள்.

1941-ல் பால்ட்ஸ் மறுபடி பிடிபட்டார். இந்த முறை ரகசியப் போலீசான கெஸ்டபோ. பிரின்ஸ் ஆல்பிரெக்ட் தெருவிலிருந்த அவர்களுடைய தலைமையகம். அடியும் வதையும் இருந்தன. இரண்டாம் முறை சிக்கினவர்களுக்கு அடுத்து முகாம்தான். யாரி போய்ப் பேசினார்: பிரசார அமைச்சகம் கேட்கும் பாட்டுகள் வேண்டுமென்றால் இந்த ஆள் வேண்டும், இவர் இல்லாமல் என்னால் முடியாது என்று. பால்ட்ஸ் வெளியே வந்தார். வந்த ஒரு நாளுக்குள் ‘பெருங்காதல்’ படத்துக்கு இரண்டு பாட்டு பிறந்தன என்பது கதை. ஒன்று நீங்கள் ஆடியது. இன்னொன்று, என்றைக்காவது ஓர் அதிசயம் நடக்கும், எனக்குத் தெரியும் என்று சொல்வது.

சிறை அறையிலேயே எழுதினார் என்றுகூடச் சொல்பவர்கள் உண்டு. அதை நான் நம்புவதில்லை. சினிமாக்காரர்கள் கதை சொன்னால் நேரம் சுருங்கும், இருட்டு கூடும். யாரி தலையிட்டு மீட்டதையும் அந்தப் பாட்டுகள் அதை ஒட்டி வந்ததையும் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த ‘இதனால்’ என்ற காலி இடத்துக்குத் திரும்புங்கள். படத்தில் லியாண்டர் பாரிஸில் காயம்பட்ட சிப்பாய்கள் முன்னால் அதைப் பாடுகிறார். அவர்கள் கைகோத்துக்கொண்டு இடமும் வலமும் ஆடுகிறார்கள், உங்கள் பாட்டிகளைப் போலவே. அந்தச் சிப்பாய்க்கு ‘இது’ என்றால் போன கால். ஊரில் இருக்கும் மனைவிக்கு, நேற்று இரவு குண்டு விழுந்த பக்கத்துத் தெரு. மக்களின் உற்சாகமும் ஒரு போர்த் தளவாடம் என்று கணக்குப் போட்ட பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு, கிழக்கு முனைக் குளிர். எழுதியவருக்கு? முந்தின வாரம் அவர் இருந்த அறை. ஒரே சொல் எல்லாருக்கும் கிடைத்தது. அதிசயப் பாட்டின் கதையும் அதுதான்: கோயபல்ஸின் ஆட்களுக்கு அது கடைசி வெற்றி, முகாமுக்குத் தப்பிய ஒருவருக்கு அது வேறு என்னவோ. இவர் எதிர்ப்புக் கவிஞர் என்று மாலை போடவும் எனக்கு மனம் வரவில்லை, அடிவருடி என்று தள்ளவும் வரவில்லை. தொழில் தெரிந்த ஆள், உயிருக்குப் பயந்த ஆள். அந்தத் தொழில் அவரையும் காப்பாற்றியது, போரையும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போயிற்று.

அதிசயப் பாட்டின் காட்சியைப் பற்றி ஒரு துணுக்கு உண்டு. லியாண்டர் நல்ல உயரம். அவருக்குப் பின்னால் தேவதைகளாக நிற்க அந்த உயரத்துக்குப் பெண்கள் கிடைக்கவில்லையாம். ஹிட்லரின் மெய்க்காவல் எஸ்.எஸ். படையிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பெண் வேஷம் கட்டி நிறுத்தினார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உண்மையென்றால், 175-ஆம் பிரிவில் மாட்டினவர் எழுதிய பாட்டுக்கு எஸ்.எஸ்.காரர்கள் வெள்ளை அங்கியில் பின்னணி நின்றிருக்கிறார்கள்.

போர் முடிந்தது. லியாண்டர் 1943-லேயே, பெர்லின் வீட்டில் குண்டு விழுந்ததும் ஊருக்குப் போய்விட்டிருந்தார். பால்ட்ஸ் தொடர்ந்து எழுதினார். 1960-ல் ஹைடி ப்ரூல் பாடி மேற்கு ஜெர்மனி முழுக்க ஒலித்த ‘நாம் பிரியவே வேண்டாம்’ பாட்டும் அவரும் யாரியும் செய்ததுதான்.

ஆனால் சிறைக்கதையை மட்டும் அவரால் வெளியே சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நாஜிகள் இறுக்கிய அதே 175-ஆம் பிரிவை மேற்கு ஜெர்மனி அப்படியே வைத்துக்கொண்டது. 1969 வரை அதில் ஒரு வரி மாறவில்லை. அதற்குள் இன்னொரு 50,000 பேர் வரை தண்டனை வாங்கிவிட்டார்கள். நாஜிகளால் வதைபட்டேன் என்று விண்ணப்பம் எழுதினால், அதுவே குற்ற ஒப்புதல். பிரிவை முழுசாக நீக்கியது 1994-ல். நாஜி காலத் தீர்ப்புகளை நாடாளுமன்றம் ரத்து செய்தது 2002-ல். பால்ட்ஸ் 1988 மார்ச்சிலேயே பவேரியாவில் ஓர் ஏரிக்கரை ஊரில் இறந்துவிட்டார். அவருடைய துணைவராக இருந்த நடிகர் யூர்கன் டிரேகர் பிறகு வாய் திறந்ததால்தான் இதெல்லாம் உங்கள் மருமகள் தேடினால் கிடைக்கும் செய்தியாக ஆனது.

உங்களுக்குக் கை நீட்டிய பாட்டிக்கு 1942-ல் பள்ளிக்கூட வயதுகூட ஆகியிருக்காது, அல்லது அப்போதுதான் ஆகியிருக்கும். அவர் ‘இதனால்’ என்று எதை நினைத்து ஆடினாரோ தெரியாது. அம்மா சமையலறையில் பாடக் கேட்டிருக்கலாம். கை கொடுத்ததற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. மகன் முகம் மாறியதிலும் தப்பில்லை. அந்த நாட்டில் வாழப்போகிறவர் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு குறிப்பு. அந்த ஜெர்மன் வரியில் வினைச்சொல் இரண்டாகப் பிளந்து, பாதி முன்னால் வந்துவிடும், ‘முழுகு’ என்ற பாதி கடைசியில் வந்து விழும். அதற்கு முந்தின சொல்தான் ‘இல்லை’. ஆகவே வரி முடியும்வரை உலகத்துக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. ஆங்கிலத்தில் இந்தக் காத்திருப்பு வராது. தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வரும், ‘முழுகாது’ என்று எதிர்மறையும் அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும். உங்களுக்கு லாபம். கஷ்டம் அளவில்தான்: ஜெர்மன் வரி எட்டே அசை. நான் எடுத்துக்காட்டிய பேச்சு வழக்கு அதைத் தாண்டி ஓடுகிறது. உலகத்தையோ குடியையோ விட்டுக்கொடுக்கத் தயங்காதீர்கள், கில்பர்ட் மழையை விட்ட மாதிரி. ‘இதனால்’ மட்டும் இருக்கட்டும்.

பாடலாமா என்று கேட்டீர்கள். டிக்கெட் இல்லாத மன்ற நிகழ்ச்சியில் மூலப் பாட்டைப் பாட நம் சட்டத்தில் விலக்கு உண்டு. மொழிபெயர்ப்புக்குப் பதிப்பகத்திடம் ஒரு வரி அனுமதி கேட்டுவிடுவதுதான் முறை. ஜெர்மனியில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, நம்மிடம் 60 ஆண்டு உரிமை. யாரியும் அதே 1988-ல், பால்ட்ஸ் போன நாலு மாதத்தில் இறந்துவிட்டதால், நம் நாட்டில் சொல்லும் மெட்டும் ஒரே நாளில், 2049 ஜனவரி 1-ல், பொதுச்சொத்தாகின்றன. உங்கள் பேத்தி அன்றைக்கு யாரையும் கேட்காமலே பாடலாம்.